வேல்ராஜ் பெயரில் எரிந்த பச்சை

வடக்குப்பட்டு,
12.9.2013

மதிப்பிற்குரிய ஐயா,

அன்று பிரஸ் விபத்து விசாரணை நடந்த அறையில் மின்விசிறி மெதுவாகத்தான் சுற்றியது. மேசையின் தலைப்பக்கம் மேலாளராகிய தாங்கள். தங்கள் வலப்புறம் தகடு அழுத்தும் பிரஸ் லைனின் லீடர் முனிரத்தினம். கதவோரம் மெயின்டனன்ஸ் வேல்ராஜ். அவனை அங்கே உட்காரச் சொன்னவர் யாருமில்லை, அவனாகத்தான் தள்ளி உட்கார்ந்தான். நான் கம்ப்யூட்டர் பக்கத்தில். வேல்ராஜின் உதவியாள் மாரிசெல்வம் ஆஸ்பத்திரியில் இருந்தான்.

லாகின் ஏற்பாடு நான் செய்தது. ஷிப்ட், ஓ.டி., கேன்டீன், மெஷின் பூட்டு என்று பக்கத்துக்கு ஒரு பாஸ்வேர்டு இருந்ததை மாற்றி, எல்லாவற்றுக்கும் ஒரே வாசல் வைத்தேன். இலவச மென்பொருள், யாரும் பிரித்துப் பார்க்கலாம். வெளியார் தயவில்லாமல் ஸ்டோரில் கிடந்த பழைய கம்ப்யூட்டரிலேயே ஓடியது. ஆனால் மெயில் முகவரி இல்லாத ஆளை அது சேர்த்துக்கொள்ளாது. லைனில் யாருக்கு மெயில் இருக்கிறது? எல்லோருக்கும் என்னிடமே வந்து சேரும் முகவரிகளைக் கொடுத்தேன். பாஸ்வேர்டை மறந்தவர்கள் என்னிடம் வருவார்கள், புதிதாகப் போட்டுக் கொடுப்பேன். யாரும் குறை சொன்னதில்லை.

வேல்ராஜ் சொன்னான். என்னோடு ஒரே அறையில் இருந்தவன், நான் வடித்த சோற்றைச் சாப்பிட்டவன், எனக்குத் தெரியாமல் தங்களிடம் வந்து சொன்னான்: "எல்லாச் சாவியும் ஒருத்தன் கையில இருக்கது சரியில்ல சார். கொம்பையா நல்லவந்தான். ஆனாலும் வேண்டாம்."

நாங்கள் தங்கிய அறையில் அன்றிரவு நான் கேட்டபோது சிரித்தான். "ஏலே, ஒன்னயக் குத்தம் சொல்லலடே. நாளைக்கு நீ லீவுல போனா, நாங்க பூட்டு முன்னால சூடங் காட்டிக்கிட்டு நிக்கவா?" அதன் பிறகு நான் அவனோடு பேசவில்லை. அவன் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

மெஷினுக்குள் ஆள் இறங்கும்போது மெயின்டனன்ஸ்காரர் கம்ப்யூட்டரில் தன் பெயரில் நுழைந்து மெஷினைப் பூட்டுவார். அவர் பெயரில்தான் திறக்க முடியும். திறந்தால் லைனில் பச்சை எரியும், லீடர் பட்டனை அழுத்துவார். முனிரத்தினம் விசாரணையில் அதைத்தான் சொன்னார்.

"பச்ச வந்துச்சி, போட்டேன். உள்ள ஆள் கீறான்னு எனக்கு இன்னா சார் தெரியும்?"

"போல்ட் எடுக்க ஸ்டோருக்குப் போனேன் சார், நான் தொறக்கல" என்றான் வேல்ராஜ். "சத்தங் கேட்டு ஓடியாந்து பூட்டப் பாத்தேன். என் பாஸ்வேர்டையே அது ஏத்துக்கல."

"மாட்டிக்கினா எல்லாரும் சொல்றதுதான்" என்றார் முனிரத்தினம்.

வேறு யாராவது அவன் பெயரில் நுழைய முடியுமா என்று தாங்கள் என்னைக் கேட்டீர்கள். பாஸ்வேர்டை மாற்றினால்தான் முடியும், மாற்றினால் பதிவாகும், பதிவாகவில்லை என்று திரையைக் காட்டினேன். அப்போதுதான் வேல்ராஜ் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

அவனைப் போலீஸ் அழைத்துப்போனதைத் தாங்கிக்கொண்டேன். நேற்று அந்தக் கம்ப்யூட்டரின் வயரைப் பிடுங்கினார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. இனி விரல்ரேகை மெஷினாம். அது எல்லோருக்கும் ஒத்துவராது ஐயா. மாரிசெல்வம் வேலைக்குத் திரும்பினால் எதை வைப்பான்? பாஸ்வேர்டு என்றால் வாயால் சொல்லி யாரையாவது தட்டச் சொல்லலாம்.

ஆகவே, மென்பொருளில் பிழை இல்லை என்பதை எழுத்தில் தெரிவிக்கிறேன். வேல்ராஜின் பாஸ்வேர்டை மாற்றி, அவன் பெயரில் நுழைந்து, பூட்டைத் திறந்தது நான். மாற்றிய பதிவை அழித்ததும் நான். என் அறைக் கண்ணாடி வழியாக அந்த பிரஸ் நன்றாகத் தெரியும். மாரிசெல்வத்தின் நீலத் தொப்பி உள்ளே குனிந்திருந்தது. பார்த்துவிட்டுத்தான் திறந்தேன். ஆள் இல்லாத மெஷின் ஓடியிருந்தால் வேல்ராஜை யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள்.

அவன் என்மேல் சந்தேகப்படாமல் இருந்திருந்தால் அந்தப் பையனுக்கு இரண்டு கையும் இருந்திருக்கும். இதை வேல்ராஜிடமும் சொல்லுங்கள்.

உறையை ஒட்டி, சுங்குவார்சத்திரம் தபால் நிலையத்திலிருந்து ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். தாங்களே கையெழுத்திட்டு வாங்கிக்கொள்ளவும். தங்கள் பெயரில் வேறொருவர் கையெழுத்துப் போடுவது முறையல்ல.

இப்படிக்கு,
கொம்பையா