தஞ்சாவூர்ப் பயண நிதி

காசு கேட்பது எனக்கு எப்போதுமே வராது. கடைக்காரர் மீதிச் சில்லறை தர மறந்தால்கூடப் பேசாமல் வந்துவிடுகிற ரகம் நான். என்னைப் போய்ப் பள்ளிப் பயணத்துக்கு நிதி திரட்டச் சொன்னார்கள். இன்ஸ்பெக்டர் ஐயா, இதை ஹிந்தியில் சொன்னால் பாதி போய்விடும். அதனால் தமிழில் எழுதித் தருகிறேன், நீங்கள் மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் வகுப்புக்கு நான் தமிழ் ஆசிரியை. என் பிள்ளைகள் டெல்லியில் பிறந்தவர்கள், தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார்கள். தஞ்சாவூர்ப் பெரிய கோயிலின் முன்னால் ஒருமுறை நிறுத்திவிட்டால் மாறிவிடுவார்கள் என்று நான் நம்பினேன், இப்போதும் நம்புகிறேன். வசதியில்லாத பிள்ளைகளும் வகுப்பில் இருப்பதால் எல்லோருக்குமாகச் சேர்த்து நிதி திரட்ட வேண்டியிருந்தது. மூன்று வருஷம் முயன்றேன், மூன்று வருஷமும் பயணம் நின்றுபோனது. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் நான் வேண்டுகோள் போட்டால் வரிசையாகக் கைகூப்பும் பொம்மை வரும், காசு வராது. அதே பெற்றோர்கள் பிள்ளையின் பிறந்தநாளுக்கு மாலில் இடம் எடுத்துக் கொண்டாடுவார்கள். அக்ஷயின் அப்பா மகாதேவன் அமைச்சகத்தில் பெரிய அதிகாரி. "தஞ்சாவூர்ல என்ன டீச்சர் இருக்கு? மனாலின்னு சொல்லுங்க, ஜல்தியா பணம் வந்துடும்" என்றார். கல்லில் நார் உரிக்கிற வேலை அது. எனக்கு வந்த எரிச்சலை வெளியே காட்டிக்கொள்ளாமல் சிரித்துவிட்டு வந்தேன்.

இந்த வருஷம் மார்கழி பிறந்ததும் ஒரு வழி தோன்றியது. பஜனை கோஷ்டி வாசலுக்கு வந்தால் யாரும் கேட்காமலே தட்டில் காசு போடுவது நம்மவர்கள் வழக்கம். பிள்ளைகளை விடியற்காலையில் வீடு வீடாகப் பாட அழைத்துப்போனேன். டிசம்பர் மாதத்து டெல்லிக் காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எதிர்வீடு தெரியாது, தொண்டை கரிக்கும். இருந்தாலும் பிள்ளைகள் வந்தார்கள். தட்டில் பத்தும் இருபதும் விழுந்தன.

அவர்களில் அபூர்வாவுக்கு வீசிங் உண்டு. நன்றாகப் பாடுவாள். அவள் அம்மா சிந்து, குர்கானில் வேலை பார்ப்பவர், மூச்சு முட்டினால் உறிஞ்சுகிற பம்ப்பை என் கையில் கொடுத்தார். "இவ எங்கயாவது போட்டுடுவா. நீங்களே வெச்சுக்கோங்க டீச்சர்" என்றார். அவருக்கு என் மேல் அவ்வளவு நம்பிக்கை.

லோதி ரோடு குடியிருப்பில், ராஜகோபால் என்பவர் வீட்டு வாசலில் அவளுக்கு முதல்முறை இழுத்தது. பம்ப் என் பையில் சால்வைக்கு அடியில் போயிருந்தது. உண்மையாகவே தேடினேன். அதற்குள் ராஜகோபால் பதறிப்போய், "ஏம்மா, இந்தக் குழந்தையப் போய்ப் பனியில கூட்டிண்டு வந்திருக்கேளே" என்று உள்ளே ஓடினார். வெந்நீரோடு சில ஐந்நூறு ரூபாய் நோட்டுகளும் கொண்டுவந்தார். பக்கத்து வீட்டுக்காரர்களும் இறங்கி வந்து போட்டார்கள். மறுநாள் அபூர்வா இருமாமல், சுருதி பிசகாமல் பாடினாள். மறுபடி பத்தும் இருபதும்தான். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

அதன் பிறகு அவளை முன்வரிசையில் நிறுத்தினேன். முகக்கவசம் போட்டுக்கொண்டு பாடினால் உச்சரிப்பு கேட்காது, அதனால் கழற்றச் சொன்னேன். பம்ப்பைப் பையின் அடியில் வைத்தேன். பையில் ஒரு பொருள் எங்காவது ஓரிடத்தில்தானே இருக்க வேண்டும்? அவளுக்கு இழுக்கும்போது உடனே எடுக்காமல் கொஞ்சம் பொறுத்து எடுப்பேன். ஒவ்வொரு முறையும் சரியாகிவிட்டாள், ஒவ்வொரு முறையும் தட்டு நிறைந்தது. நான் யாரிடமும் வாய் திறந்து ஒரு பைசா கேட்கவில்லை.

ரயில் டிக்கெட்டுக்கு முன்பணம் கட்டக் கடைசி நாள் வந்தது, தொகையில் இன்னும் கொஞ்சம் குறைவாக இருந்தது. கரோல் பாக்கில் பட்டுக்கடை வைத்திருக்கும் தர்மன், "பசங்க பாடறதப் பாத்துட்டு முடிவு பண்றேன்" என்று சொல்லியிருந்தார். கடைக்கு மேல் மாடியில்தான் வீடு. நாங்கள் வாசலில் பாடினோம். அவர் பூஜையை முடித்துவிட்டு வருவதாகச் சொல்லியனுப்பினார். அதுவரை பனியில் நின்று பாட வேண்டியதாயிற்று. என்ன பூஜையோ, முடிகிற வழியாக இல்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது.

அபூர்வாவுக்கு இழுக்க ஆரம்பித்தது. என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், பம்ப்" என்றாள். அப்போதுதான் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

"இன்னும் ஒரு அடி பாடிடு கண்ணா. அவர் இறங்கி வந்துட்டிருக்கார்" என்றேன்.

பாடினாள். சொன்ன பேச்சை மீறாத பெண். உதடு நீலமாக இருந்ததைப் பார்த்தேன். தர்மன் வந்தார், பார்த்தார், மடியிலிருந்து எடுத்துக் கட்டாகவே தட்டில் வைத்தார். தேவைப்பட்ட தொகைக்கு மேலேயே இருந்தது. நான் அவருக்கு நன்றி சொல்லிவிட்டுத் திரும்பியபோது அவள் படியில் சாய்ந்திருந்தாள். ஆரிப் என்ற ஆட்டோக்காரர் அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். போகிற வழியிலேயே முடிந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார்.

நான் பைக்குள் பம்ப்பைத் தேடிக்கொண்டிருந்ததாகப் பிள்ளைகள் உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, பார்த்ததைச் சொன்னார்கள். ஆனால் நான் தேடவில்லை. பம்ப் பைக்குள் என் உள்ளங்கையில்தான் இருந்தது. தர்மன் பணத்தைத் தட்டில் வைக்கும்வரை நான் கையை வெளியே எடுக்கவில்லை. அதைச் செய்தது நான்தான், தெரிந்தே செய்தேன். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன்.

எனக்காக ஒரே ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். பயணத்தை ரத்து செய்து, வந்த பணத்தை அவரவரிடம் திருப்பிக் கொடுத்துவிடப் போவதாகப் பள்ளியில் பேசிக்கொள்கிறார்களாம். வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லுங்கள். ஒரு குழந்தை உயிரைக் கொடுத்துச் சேர்த்த பணம் அது. அதைப் போய்த் திருப்பிக் கொடுக்க ஒருவருக்கு மனசு வருமென்றால், இப்படியும் ஒரு கல்நெஞ்சம் இருக்குமா என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.