பின் இருக்கையை மாற்ற வேண்டாம்

மேடையில் இருக்கும் பழைய கார் சங்கத்தின் துணைத் தலைவர் ரூபேந்திரன் ஐயா அவர்களுக்கும், மறைந்த நம் சங்கத் தலைவர் நிர்மலாதேவி அம்மையாரின் தம்பி லக்ஷ்மன் ஐயா அவர்களுக்கும், இந்த மழையிலும் மாசாய் ஊரில் நடக்கும் இந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்து அமர்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் ஷாமளா. காளிதாஸ் அண்ணன் கடையில் கார் இருக்கைகள் தைக்கிறேன். மேடையில் பேசி எனக்குப் பழக்கமில்லை. ஆனால் இன்று பேசாமல் போனால், நாளைக் காலையில் ஒரு தவற்றைச் செய்துவிடுவேன்.

நம் தலைவர் அம்மையாரின் மோரிஸ் மைனரை அறியாதவர் இங்கே யார்? இங்கிலாந்தில் செய்து கப்பலில் வந்த 1957ஆம் வருடத்துக் கார். லாபிஸ் ஊர் மருந்தகத்தில் வேலை செய்த அவருடைய தந்தை வாங்கியது. அந்த வகைக் கார்களில் இரண்டு துண்டாக இருந்த முன் கண்ணாடி ஒரே வளைவாக மாறியிருந்த புதிது. திரும்பும்போது கதவுக்குப் பின்னால் திசை காட்டும் சின்னக் கை ஒன்று வெளியே நீளும். கண்காட்சிகளில் அந்தக் கையை நீட்டிக் காட்டி, பிள்ளைகளோடு சேர்ந்து சிரித்தவர் அம்மையார்.

அந்தக் கார் ஏன் ஒரு முறைகூட முதல் பரிசு வாங்கவில்லை? பின் இருக்கையால்தான். அதன் இடது ஓரம் கறுத்து வெடித்திருக்கும். ஒவ்வொரு போட்டியிலும் அதற்கு மதிப்பெண் குறைத்தார்கள்.

போன வருடம் முன் இருக்கையைத் தைக்கக் கொடுக்க அம்மையார் எங்கள் கடைக்கு வந்தார்.

“அலமாக், என்ன ஆன்ட்டி! போட்டிக்குப் போற காருலா. பின் சீட்டையும் மாத்திருவோம்” என்றார் காளிதாஸ் அண்ணன்.

“தோத்தால் தோக்கட்டும், தம்பி. காருக்கு என்ன, மாப்பிள்ளையே பார்க்கப்போறன்?”

அண்ணன் சாப்பிடப் போன பிறகு அம்மையார் என்னிடம் காரணத்தைச் சொன்னார். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்காததால்தான் சொன்னாரோ என்னவோ.

அவருடைய இளம் வயதில் நடந்தது அது; கார் ஓட்டக் கற்ற புதிது. தந்தை ஊரில் இல்லை. பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து கருப்பாயி என்ற பெண்ணைப் பிரசவ வலியோடு தூக்கி வந்தார்கள். பின் இருக்கையில் படுக்க வைத்து, சிகாமட் மருத்துவமனைக்குப் புறப்பட்டார். வழியில் ரயில் கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் ஒன்று பாதையை மறித்து நின்றுவிட்டது.

“போலாமா, தங்கச்சி?” என்று கருப்பாயி கேட்டுக்கொண்டே இருந்தார்.

“இந்தா போறம், அக்கா” என்று அம்மையார் சொல்லிக்கொண்டே இருந்தார்.

ரயில் நகர்ந்தபோது பின்னாலிருந்து குரல் வரவில்லை. பிள்ளையும் பிழைக்கவில்லை.

அதன் பிறகு எத்தனை பெண்களை அந்தக் காரில் மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தார்! இங்கே எல்லோரும் அதைத்தான் புகழ்ந்தீர்கள். புகழ வேண்டியதுதான். ஆனால் அவர்களில் ஒருவர் பெயரையும் அவர் என்னிடம் சொல்லவில்லை. கருப்பாயியின் பெயரை மட்டும் சொன்னார்.

“அவ கிடந்த இடம், பிள்ளை. புதுத் தோலைப் போட்டு மூடினால், பிறகு நான் அவவை எங்கை பார்க்கிறது?” என்றார்.

இப்போது சங்கம் அன்போடு ஒரு முடிவு எடுத்திருக்கிறது. அம்மையாரின் நினைவாகக் காரை முழுவதும் புதுப்பித்து, அடுத்த போட்டியில் முதல் பரிசு வாங்க வேண்டும் என்று. கடைக்குப் புதுத் தோல் வந்துவிட்டது. பழையதைக் கிழிக்கும் வேலை என்னுடையது.

ஐயா, என்னால் முடியாது. அவர் வேண்டாம் என்று விட்ட பரிசை, அவர் பெயரால் நாம் ஏன் வாங்க வேண்டும்?

கார் ஓடட்டும். அந்தச் சின்னக் கை நீளட்டும். பிரிந்த தையலை எல்லாம் நான் சேர்த்துத் தருகிறேன். கறுத்த இடத்தில் மட்டும் ஊசி வைக்க மாட்டேன். போட்டியில் மதிப்பெண் குறைக்கட்டும். ஏன் மாற்றவில்லை என்று நடுவர்கள் கேட்டால், ஒவ்வொரு வருடமும் நானே வந்து பக்கத்தில் நின்று சொல்கிறேன். கருப்பாயி என்று பெயர் சொல்லியே சொல்கிறேன்.