மேட்டில் நின்ற காரும் கழற்றிய வால்வும்

தண்ணீர்த் தொட்டித் தெரு மாடிவீட்டில் குடியிருக்கிறேன். வயது ஐம்பத்திரண்டு. தையல் தொழில். தையலம்மா என்றால்தான் தெருவில் யாருக்கும் தெரியும். இந்த வழக்கில் பிடித்து வைத்திருக்கும் லாரி டிரைவர் எனக்கு உறவும் இல்லை, முன்பின் பழக்கமும் இல்லை. யாரும் கூப்பிடாமல் நானாகவே வந்து சொல்கிறேன்.

நேற்று காலை என் மகளுக்குப் பிரசவ வலி எடுத்ததால் வாடகைக் காரில் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். மேட்டுச் சாலையில் ஏறும்போது சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போய்விட, கார் டிரைவர் வண்டியை ஓரம்கட்டிவிட்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனார். பின்னால் லாரியில் வந்த இந்த மனிதர் இறங்கி ஓடிவந்து, "கை வைக்காதப்பா, மூஞ்சி வெந்துடும்" என்று தடுத்தார். லாரியில் ஏறலாமென்றால் என் மகளால் அந்த உயரத்துக்குக் காலைத் தூக்க முடியவில்லை.

அதன் பிறகு அவர் குழாய்களைத் தொட்டுப் பார்த்து, என்ஜின் கொதிக்கிறது, ரேடியேட்டருக்குப் போகும் குழாய் மட்டும் சூடேறவில்லை, நடுவில் சூடேறியதும் தானாகத் திறந்து தண்ணீரை விட வேண்டிய வால்வு சிக்கிக்கொண்டது என்றார். கொஞ்சம் ஆறட்டும் என்று காத்திருந்தார். "இங்க ஒரு உயிர் துடிக்குது, நீங்க குழாயத் தடவிக்கிட்டு நிக்கிறீங்களே" என்று திட்டினேன். "திட்டுங்கம்மா, கை அதுபாட்டுக்கு வேலை செய்யும்" என்றார்.

அதன் பிறகு வால்வைக் கழற்றி, அது இல்லாமலே அந்த இடத்து மூடியை முடுக்கி, எங்கள் குடிதண்ணீரையெல்லாம் ஊற்றினார். புது வால்வு போடாமல் ஆஸ்பத்திரியைத் தாண்டி ஓட்டாதே என்று டிரைவரிடம் சொன்னார். "கழட்டுன சாமான் வண்டியோடதான் போகணும்" என்று பழைய வால்வைக் கம்பியால் பானெட்டுக்குள் கட்டிவிட்டார். நன்றிகூடச் சொல்லாமல் மகளோடு காரில் ஏறிப் போய்விட்டேன்.

கார் டிரைவர் வேலை போய்விடும் என்று பயந்து முதலாளியிடம் பாதியைச் சொல்லி பாதியை விழுங்கியிருக்கிறார். முதலாளியும் லாரிக்காரர் என்ஜினைக் கெடுத்துச் சாமானைத் திருடிவிட்டார் என்று புகார் கொடுத்துவிட்டார். இன்று என் முன்னால் பானெட்டைத் திறந்தபோது வால்வு கட்டிய இடத்திலேயே தொங்கியது. போலீசார் அதைக் கொதிக்கும் நீரில் போட்டுப் பார்த்தார்கள். திறக்கவில்லை.

இவர் நின்றிராவிட்டால் என் மகளை நடுரோட்டில் பறிகொடுத்திருப்பேன். இந்த நன்றியை நான் உயிருள்ளவரை மறக்க மாட்டேன். இவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டுகிறேன்.

அடையாளம் காட்ட அவரை அழைத்து வந்தபோது, தன்னை விடச் சொல்லி என்னைக் கெஞ்சுவார் என்று நினைத்தேன். ராத்திரி முழுக்க லாக்கப்பில் இருந்த மனிதர், "என்ன குழந்தைம்மா?" என்றுதான் கேட்டார். "பேத்தி" என்றேன்.

இதுவரை எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, சொன்னது அத்தனையும் நடந்தது.

(ஒப்பம்)
தையலம்மா