நரம்பு வளரல, சார்

ஜெயசுந்தர்: அப்ப கண்ணு நல்லாயிருச்சுன்னு சொல்லுங்க, சீனிச்சாமியண்ணே.

சீனிச்சாமி: நல்லாயிருச்சுன்னு எப்ப சொன்னேன், மேனேஜர் சார்? புரையை எடுத்தாக. அம்புட்டுதான். இதுக்காக என் வேலையில கைய வச்சிராதீக.

ஜெயசுந்தர்: கையில என்ன?

சீனிச்சாமி: மதுரையில எடுத்த ஸ்கேன். இது ஆபரேசனுக்கு முந்தி கண்ணு நரம்பை அளந்தது. பூராம் சிவப்பு. நரம்பு மெலிஞ்சு கெடக்குன்னாக. இது ஆபரேசனுக்குப் பெறகு…

ஜெயசுந்தர்: பூராம் பச்சையால்ல இருக்கு. நரம்பு வளந்துருச்சா?

சீனிச்சாமி: அதான் இல்லங்கேன். நரம்பு அன்னைக்கு இருந்த மாதிரியேதான் இருக்கு. புரை மறைச்சதுல மிஷினு வெளிச்சம் சரியா உள்ள போகல. கொறைச்சு அளந்திருச்சு. டாக்டரம்மாவே சொன்னாக.

ஜெயசுந்தர்: ஆக, மிஷினுக்கு இப்ப நல்லாத் தெரியுது.

சீனிச்சாமி: மிஷினுக்கு.

ஜெயசுந்தர்: உங்களுக்கு?

சீனிச்சாமி: எனக்கென்ன சார்… சுமாரா…

ஜெயசுந்தர்: சுவத்துல இருக்க காலண்டரைப் படிங்க.

சீனிச்சாமி: எந்தக் காலண்டர்?

ஜெயசுந்தர்: அண்ணே…

சீனிச்சாமி: …போன வருசத்துக் காலண்டர் சார். இன்னும் மாத்தாமக் கெடக்கு.

ஜெயசுந்தர்: இந்தப் பார்வைதான் நமக்கு ஆகாது. உங்களைப் பாதுகாப்பு சூப்பர்வைசரா எதுக்குப் போட்டோம்?

சீனிச்சாமி: கண்ணு தெரியாதவன்னு எரக்கப்பட்டு…

ஜெயசுந்தர்: எரக்கமா? பட்டாசு செட்டுக்குள்ள சட்டத்தை மீறி நாலு பேருக்கு மேல வேலை செஞ்சதைப் பாத்தீகளான்னு இன்ஸ்பெக்டர் கேப்பாரு. பாக்கலன்னு நீங்க சொல்லணும். பொய்யும் இல்ல, பாவமும் இல்ல. கம்பெனிக்கு அப்பிடி ஒரு கண்ணு வேண்டியிருந்துச்சு.

சீனிச்சாமி: இப்பவும் அதையேதான சொல்லப்போறேன்.

ஜெயசுந்தர்: தீவாளி சீசன். ஆர்டர் குமிஞ்சு கெடக்கு. செட்டுக்குள்ள நெருக்கியடிச்சு உக்காந்து வெடிமருந்து அடைக்காக. அதைத் தெளிவாப் பாத்துட்டு…

சீனிச்சாமி: எதுக்குத் தெளிவாப் பாக்கணும்? இன்னொரு கண்ணுல புரை அப்பிடியே இருக்கு. இன்ஸ்பெக்டர் வர்ற அன்னைக்கு நல்ல கண்ணை மூடிக்கிடுதேன்.

ஜெயசுந்தர்: அந்தக் கண்ணையும் ஆபரேசன் பண்ணிட்டா?

சீனிச்சாமி: பண்ண மாட்டேன் சார். வேலை இருக்க வரைக்கும் புரையும் இருக்கட்டும்.

ஜெயசுந்தர்: வேண்டாம்ணே, எனக்குப் பயமா இருக்கு. இத்தன நாளு தெரியாதது இப்பப் புதுசாத் தெரியும். மனசு கேக்காம ஒரு நாளு உளறிருவீக.

சீனிச்சாமி: புதுசு என்ன சார் புதுசு? புரை மிஷினைத்தான் ஏமாத்துச்சு. எனக்கு அப்பவே எல்லாம் தெரியும். தெரியப்போயிதான எம் மக இசைவாணியை உங்க செட்டுல உக்கார விடாம, சிவகாசி அச்சாபீசுக்கு அனுப்பிக்கிட்டிருக்கேன்.