ஜெயவேல் படகுக்கு அடுத்த வரி

மேடையில் அமர்ந்திருக்கும் நம் படகோட்டிகள் சங்கத் தலைவர் தேவகிருபை ஐயா அவர்களே, எண்ணூரிலிருந்தும் காசிமேட்டிலிருந்தும் வந்திருக்கும் உறவுகளே, முன்வரிசையில் இருக்கும் தங்கச்சி குப்பம்மா, உனக்கும் என் வணக்கம்.

நான் வலைக்கடை இன்னாசி. எட்டாம் வகுப்பை இரண்டு முறை படித்தவன். அதனால் அந்த ஒரு வகுப்பு மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். பேசத் தெரிந்தவர் நம் செயலாளர் டில்லிபாபு. அவருடைய இரங்கல் கூட்டத்தில் நான் பேசும்படி ஆகிவிட்டதே, இந்தச் சங்கத்துக்கு இதைவிட என்ன தண்டனை வேண்டும்?

டில்லிபாபு நமக்கு என்ன செய்தார்? சங்கத்துக்கு இணையதளம் போட்டார். அதோடு நின்றாரா? செய்தியோடை ஒன்று தொடங்கினார். தளத்தில் அவர் ஒன்று எழுதினால், வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் தேடி வர வேண்டியதில்லை. அவர்கள் கம்ப்யூட்டரில் தானாகப் போய் நிற்கும். "இதெல்லாம் எனக்கு இன்னாத்துக்கு பாபு?" என்றேன். "நாளைக்கு நான் இல்லன்னா? ஒக்காரு மாமு" என்று பழக்கினார். நான் ஒற்றை விரலில் தட்டுவதைப் பார்த்து என் மகள் ஷாலு, "கோழி கொத்துற மாதிரி கீது நைனா" என்பாள்.

அவர் தப்பே செய்யாதவரா? செய்தார். ஜெயவேல் படகு ஒருமுறை தாமதமாகக் கரை சேர்ந்தது. மாதங்கள் கழித்து, அந்தப் பழைய 'திரும்பவில்லை' அறிவிப்பை அழகுபடுத்துகிறேன் என்று அழித்துவிட்டு மறுபடி ஏற்றினார். ஓடைக்குப் பழசு தெரியுமா? புதுச் செய்தி என்று அனுப்பிவிட்டது. குவைத்திலிருந்து ஜெயவேலின் மகன் பாரி அலறியடித்துக்கொண்டு வந்து இறங்கினான். வாசலில் சோறு தின்றுகொண்டிருந்த ஜெயவேல், "இன்னாடா, சொல்லாம கொள்ளாம வந்துகீற?" என்றார்.

அன்றிலிருந்து டில்லிபாபுவுக்கு ஒரே விதி. போனதைத் தொடக் கூடாது. கண்ணால் பார்த்ததை அடுத்த வரியாகப் போட வேண்டும். 'திரும்பவில்லை' என்று போட்டால், 'கரை சேர்ந்தது' என்று போடும்வரை வீட்டுக்குப் போக மாட்டார்.

முந்தாநாள் அவர் போட்ட கடைசி வரி: "ஜெயவேல் படகு திரும்பவில்லை. தேடப் போயிருக்கிறார்கள்." போட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அடுத்த வரி இன்னும் வரவில்லை. தேடப் போன படகுகளும் திரும்பவில்லை. பாரிக்குப் போன் போட்டால், "நீங்க மறைக்கிறீங்க, ஓடையில வரட்டும்" என்கிறான்.

காலையில் ஒருவர், "கரை சேந்துச்சுன்னு போட்ரு இன்னாசி, புள்ள பேஜாராயிடும்" என்றார். இன்னொருவர், "அத்த தூக்கிடு" என்றார். தளத்திலிருந்து தூக்கினால், பாரியிடம் போய்ச் சேர்ந்தது திரும்பி வருமா? செயலாளர் மறைவையாவது போடலாமே என்றார் தலைவர். பாரியைப் பெற்ற குப்பம்மாதான் சொன்னாள்: "பாக்காதத போடாதண்ணா. எம்புள்ள அத்த நம்பிகினு கீறான்."

டில்லிபாபு, உன் கடவுச்சொல் என்னிடம் இருக்கிறது. உன் மறைவுச் செய்தியை நான் இன்னும் போடவில்லை; கோபிக்காதே. ஜெயவேலுக்கான வரிதான் முதலில். அது எந்த வரியாக இருந்தாலும், கண்ணால் பார்த்த பிறகு, இந்த ஒற்றை விரலால் நானே போடுவேன். இந்த ஓடை நிற்காது. பொய்யும் சொல்லாது.

உறவுகளே, எழுந்து நிற்போம். மௌனம் ஒரு நிமிடத்தோடு முடிய வேண்டாம். பக்கத்து அறையில், தேடப் போன படகுகளோடு பேசும் வயர்லெஸ் திறந்திருக்கிறது. அந்த மின்விசிறியை நிறுத்துங்கள். கேட்போம்.