இரண்டாம் டிரம்பெட்

டிரம்பெட் ஊதுகிறவனுக்குக் கன்னம் உப்ப வேண்டும் என்பதெல்லாம் சும்மா, சார். கன்னத்தை உப்பினால் ஸ்வரம் பிசிறடிக்கும். காற்று அடிவயிற்றிலிருந்து வர வேண்டும். இதை அமலதாஸ் மாமா நாளுக்கு ஒரு தடவையாவது என்னிடம் சொல்லிவிடுவார். மாமா என்றால் என் அக்கா ஜெசியின் வீட்டுக்காரர். திண்டிவனத்தில் எங்கள் பேண்ட் செட்டுக்கு அவர்தான் முதல் டிரம்பெட். நான் இரண்டாவது.

போன மாதம் முதுகு வலிக்கிறது என்றார். விழுப்புரத்துக்கு ஸ்கேன் எடுக்க நான்தான் கூட்டிப்போனேன். அவர் சட்டை மாட்டிக்கொண்டு வருவதற்குள் டாக்டரம்மா என்னிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார். ரத்தக்குழாய் ஒவ்வொரு துடிப்புக்கும் விரிந்து சுருங்குமாம். அழுத்தம் கூடினால் சுவரைத் தடிப்பாக்கிக்கொண்டு தாங்குமாம். எவ்வளவு சமர்த்து பாருங்கள். மாமாவுக்கோ நெஞ்சிலிருந்து இறங்கும் பெரிய குழாய் தாங்கித் தாங்கித் தளர்ந்து, பழைய சைக்கிள் டியூப் மாதிரி ஒரு பக்கம் புடைத்திருந்தது. ஆபரேஷன் ஆகும்வரை டிரம்பெட்டைத் தொடக் கூடாது, தம் பிடித்து ஊதினால் கிழிந்துவிடும் என்றார்.

"நானே பக்குவமா சொல்லிடறேன் டாக்டர். ரொம்ப பயந்துக்குவாரு," என்றேன்.

பஸ்ஸில் மாமா கேட்டார். "இன்னாடா ஆண்டோ சொன்னாங்க?"

"வெறும் வாயு மாமா. நல்லா மூச்சு இழுத்து ஊதணுமாம்."

"அதான பாத்தேன். உங்கக்காதான் சும்மா பேஜார் பண்ணிக்கினு இருந்தா."

சந்தோஷத்தில் வேகவைத்த மல்லாட்டை வாங்கி, கடலையை உரித்து உரித்துப் பாதிக்கு மேல் எனக்கே கொடுத்தார். தங்கமான மனுஷன். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

மாதா கோயில் தேர்பவனி அன்று மாதா பாட்டின் கடைசி ஸ்வரத்தை மாமா விடாமல் பிடித்து ஊதினார். நான் என் டிரம்பெட்டை இறக்கிவிட்டு, "இன்னும் இழுங்க மாமா," என்றேன். இழுத்தார். தெருவே கைதட்டியது. அப்புறம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். நான் முதலில் அவருடைய டிரம்பெட்டைத்தான் பிடித்தேன். கீழே விழுந்தால் நசுங்கிவிடும். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. அக்கா என் தோளில் சாய்ந்துதான் அழுதாள். நானும் அழுதேன், நிஜமாகவே.

டாக்டரம்மா சொல்லித்தான் நீங்கள் ஸ்டேஷனிலிருந்து வந்திருக்கிறீர்கள். சரி, மறைக்க ஒன்றுமில்லை. செத்துப்போவார் என்று தெரிந்துதான் ஊதவைத்தேன். நீங்கள் கேட்பதும் நியாயம்தான். உண்மையைச் சொல்லியிருந்தாலே அவர் ஒதுங்கியிருப்பார், முதல் இடம் தானாக எனக்கு வந்திருக்கும்.

வந்திருக்கும். ஆனால் அப்புறம் நான் ஊதும்போதெல்லாம் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருப்பாரே, சார்.