இடது காது

— எந்த நாள்லேர்ந்துன்னு கேட்டா எப்படிடா சொல்றது? மேல ஏறி வந்ததுமே கேக்காமப் போச்சா, மறுநாள் காலையிலயா... எனக்கே சரியா ஞாபகம் இல்ல. நான் சொல்றதை அப்படியே எழுதிக்காத.

— எழுதலக்கா. தலையை ஆட்டாம இரு. உள்ள விளக்கு அடிக்கிறேன்.

— போன வருஷம் ரெண்டே நிமிஷத்துல பாத்து, கடலுக்குள்ள இறங்கலாம்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தே. இப்ப என்னமோ புதையல் தேடற மாதிரி நோண்டறே.

— போன வருஷம் வேற.

— என்ன வேற? அதே படகு, அதே பாறை. உன் கையெழுத்து இல்லாம படகுல கால் வைக்க விட மாட்டாங்க. அஞ்சே நாள்டா. அப்புறம் கேமராவைத் தூக்கிப் பரண்ல போட்டுடறேன்.

— இதைத்தான் ஒன்பது வருஷமா சொல்றே.

— ஒன்பது வருஷமா அந்த மீன் அலைய விடுதே! இருபத்தி ஆறு வருஷம் தண்ணிக்கடியில படம் பிடிச்சவளுக்கு இந்த ஒரு படம் அமையல. வாய் நிறைய முட்டையை வச்சுக்கிட்டு அப்பன்காரன் பட்டினி கிடப்பான். ஒரு நாள் குஞ்சுகளை அப்படியே வெளிய துப்புவான். கண் சிமிட்டற நேரம்தான். அந்த நேரம் பாத்து எனக்கு சிலிண்டர்ல காத்து தீர்ந்திருக்கும்.

— வேற யாராவது எடுத்திருப்பாங்க.

— பத்துப் பேரு எடுத்திருக்காங்க. அதுல எனக்கென்ன? நான் எடுக்கல இல்ல.

— ஐம்பத்து மூணு வயசுக்கா உனக்கு.

— மீன் கேக்கலடா என் வயசை.

— ம்.

— என்ன ம்? சின்னப் பிள்ளையிலேர்ந்தே இப்படித்தான் நீ. உள்ளுக்குள்ள எதையாவது வச்சுக்கிட்டு உம்முன்னு நிப்பே. உன்மேல எனக்கு ஒரு குறையும் இல்லடா. போன தடவை சளியோட இறங்கினது நான். கூட வந்தவன் வேண்டாம்னான், கேட்டேனா? தலை சுத்தி, மேல எது கீழ எதுன்னே தெரியல... என் புத்தியைத்தான் செருப்பால அடிக்கணும்.

— திரும்பி உக்காரு. சுவரைப் பாரு. நல்லா இருக்கற காதை விரலால அடைச்சுக்கோ. நான் இடது பக்கம் நின்னு எண் சொல்றேன், திருப்பிச் சொல்லு. பதினேழு.

— பதினேழு.

— அக்கா, ஏமாத்தாத. விரலை நல்லா அழுத்து.

— சரி சரி. அழுத்திட்டேன், போதுமா டாக்டர் ஐயா?

— நாப்பத்தி ரெண்டு. நாப்பத்தி ரெண்டுக்கா... காதுகிட்டயே வந்து சொல்றேன், அசையவே மாட்டேங்கறியே. சுத்தமாப் போயிடுச்சு. சளியால இல்லக்கா. போன வருஷமே சவ்வுல ஓட்டை இருந்துச்சு. கடுகளவு. மாமா தவறிப் போய் மூணு மாசம் அப்ப. சாப்பிடாம, யார்கிட்டயும் பேசாம கிடந்தே. கடலுக்குப் போனாலாவது எழுந்திருப்பேன்னு நினைச்சேன். வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஓட்டையைப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்... சரி, திரும்பு. முடிஞ்சுதுக்கா. விரலை எடு.

— கை கடுத்துச்சுடா. எப்பவோ எடுத்துட்டேன்.